தம்பிக்காக இளைத்தது

"உங்க தம்பிக்கும் உங்களுக்கும் ஒரே ரத்த வகை. அது நல்ல விஷயம்தான். ஆனா உங்க ஈரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. இதுல ஒரு பகுதிய வெட்டி எடுத்து அவருக்கு வைக்க முடியாது" என்றார் டாக்டர்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நானே முன்வந்து தருகிறேன் என்கிறேன், சரக்கு சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறாரே என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இத்தனை வருடம் இருந்து பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஃபெயில் ஆகி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் இருந்தார். நான் கோபத்தில் இருக்கும்போது பேசக் கூடாது என்பது அவர் அனுபவத்தில் கற்றுக்கொண்டது.

என் தம்பி டி. கல்லுப்பட்டியில் விவசாயம் பார்த்துக்கொண்டு, உரக்கடையும் வைத்திருந்தான். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். பீடி சிகரெட் கிடையாது, குடி கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு ஈரல் சுருங்கிப்போய் வயிற்றில் நீர் கோத்துவிட்டது என்றதும், ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள், எப்போதிருந்து குடிக்கிறான் என்று. குடிக்கவே இல்லை, வெறும் கொழுப்பே ஈரலைக் கெடுத்துவிடும் என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துப்போனது. எங்கள் குடும்பத்தில் யாரும் ஒல்லி கிடையாது. பூசினாற்போல இருக்கிறோம், ராசியான உடம்பு என்று சொல்லியே வளர்த்தார்கள். அந்த ராசிதான் அவனைப் படுக்க வைத்தது, எனக்கும் உள்ளே ஆரம்பித்திருந்தது.

மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பான். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். அது எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. அவன் மனைவிக்கு ரத்த வகை பொருந்தவில்லை. பிள்ளைகள் சின்னதுகள். மிச்சம் இருந்தது நான். பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு வந்தால் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், தம்பி அதிக நாள் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

நான் மனதுக்குள் உடனே ஒரு திட்டம் போட்டுவிட்டேன். காலையில் காபி, மதியம் ஒரு டம்ளர் மோர், ராத்திரி ஒரு வாழைப்பழம். ஒரே மாதத்தில் குறைத்துக் காட்டுகிறேன் என்று சவால் மாதிரி சொல்லிக்கொண்டுதான், சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணின் அறைக்குள் போனேன். என் மாணவி வயதுதான் அவளுக்கு இருக்கும்.

"பட்டினி கிடந்தீங்கன்னா ஈரல் இன்னும் கெட்டுப்போகும் மேடம். மயக்கம் போட்டு விழுகிற ஆளுக்கு ஆபரேஷனும் பண்ண மாட்டாங்க. நீங்க வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் குறைக்கணும்" என்றாள்.

வயிறு நிறையச் சாப்பிட்டுத்தானே இந்தக் கதிக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. தட்டில் பாதிக்குக் காய், கால் பங்குக்குப் பருப்போ முட்டையோ மீனோ, மிச்சம் இருக்கிற கால் பங்குக்கு மட்டும் சோறு. சீனி அறவே வேண்டாம். எண்ணெயை ஊற்றாமல் கரண்டியால் அளந்து விட வேண்டும். சாயங்காலம் வேகமாக நடக்க வேண்டும். இவ்வளவுதான் சொன்னாள். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

மதுரை ஆனையூரில் என் வீட்டு அடுப்படிக்குள் நின்றபோதுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. சோறு என்றால் குவியலாக இருக்க வேண்டும், நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்ற வேண்டும். காய் என்பது ஓரத்தில் தொட்டுக்கொள்ள. நாற்பத்தைந்து வருடம் அப்படிச் சாப்பிட்டுவிட்டு, காயைக் குவித்து சோற்றை ஓரத்தில் வைத்துப் பார்த்தால் தட்டைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது. முதல் சில நாட்கள் வயிறு நிறைந்தது, மனம் நிறையவில்லை. கையை நக்கிவிட்டு எழுந்த பிறகும் இன்னும் சாப்பிடவே இல்லை என்று ஒரு நினைப்பு கூடவே வரும். எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் சோற்று நினைப்பு வந்து, வாயில் எச்சில் ஊறிவிடும். எனக்கே அசிங்கமாக இருந்தது.

பிறகு எனக்குப் பிடிவாதம் வந்தது. காய் ருசியாக இருந்தால்தானே நிறையச் சாப்பிட முடியும் என்று அதில் இறங்கினேன். அவரைக்காயை நறுக்கி, சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு வதக்கினேன். பாசிப்பயறை முளைகட்டி, சீரகம் மிளகு பொடித்துப் போட்டு மலர வேகவைத்தேன். கொள்ளு ரசம் வைத்தால் அடுத்த வீட்டுக்கு வாசம் போகும். முருங்கைக்கீரையில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் சோறே வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அயிரை மீன் வாங்கி, தேங்காய் அரைக்காமல் புளியைத் தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்தேன். சாமை அரிசிச் சோறு ஒரு கைப்பிடி, மீன் வேண்டிய மட்டும். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் உடம்பு பழகிக்கொண்டது. மதியம் வகுப்பில் வரும் தூக்கம் போயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நான்தான் ஈரல் தரப்போகிறேன் என்று தம்பிக்குச் சொல்லவில்லை.

சொல்லக் கூடாது என்று நானும் அவன் மனைவியும் சேர்ந்து முடிவெடுத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அவளிடமிருந்து வாங்கக் கூடாது. பொங்கலுக்குச் சீர், என் மகள் காதுகுத்துக்குச் சீர், அவள் சடங்குக்கு ஊரே பார்க்கச் சீர் என்று அவன் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தான். நான் அவன் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போனால், திரும்பும்போது என் பையில் நாலு தேங்காயும் ஒரு படி உளுந்தும் கனக்கும். அப்படிப்பட்டவனிடம் போய், அக்கா வயிற்றைக் கிழித்து உனக்கு வைக்கப் போகிறோம் என்றால் அவன் ஆஸ்பத்திரி பக்கமே வர மாட்டான். எல்லாப் பரிசோதனையும் முடிந்து சரி என்று ஆன பிறகு, மறுக்க வழியில்லாத நிலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். நல்லதுக்குத்தான் மறைத்தோம். அது எங்களையே சுற்றி வந்து கடித்தது.

வாரம் ஒருமுறை அவன் மதுரைக்கு வந்து டாக்டரைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் என் வீட்டுக்கு வருவான். நான் இளைப்பது அவன் கண்ணில் பட்டது. மற்றவர்களுக்கும் பட்டதுதான். பள்ளிக்கூடத்தில் சுகர் வியாதியா டீச்சர் என்று கேட்டார்கள். கே.கே. நகரில் ஒரு சொந்தக்காரி, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று என் காதோரம் குனிந்து கேட்டாள். எங்கள் ஊரில் ஒரு பொம்பளை இளைத்தால் ஒன்று வியாதி, இல்லையென்றால் புருஷன் சரியில்லை. மூன்றாவதாக ஒரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை.

தம்பியும் யோசிக்கவில்லை. ஒரு நாள் நான் தட்டில் வைத்திருந்த கைப்பிடிச் சோற்றைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினான்.

"மச்சான், எங்க அக்காவுக்கு ஒரு நேரச் சோத்துக்கு வழியில்லன்னா சொல்லுங்க. நான் உசுரோடதான இருக்கேன்."

"நீ ஏன் மாப்ள இம்புட்டு கோவப்படுற. அவ இஷ்டத்துக்குத்தான் சாப்பிடுறா" என்றார் அவர். பாவம், வேறு என்ன சொல்வார்.

அடுத்த வாரத்திலிருந்து அவன் கையில் பார்சல் வந்தது. பரோட்டா, சுக்கா, அதற்கு மேல் கவரில் கட்டிய சால்னா. ஒரு வாரம் கறிதோசை. அவனுக்கு உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது. வாயில் எதை வைத்தாலும் குமட்டியது. கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் நின்றது. கண் மஞ்சளாகிவிட்டது. அந்தக் கோலத்தில், வெயிலில் கடையில் நின்று வாங்கிக்கொண்டு வந்து, என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வான்.

"பிறகு சாப்பிடுறேன்டா" என்பேன்.

"என் கண்ணு முன்னால சாப்பிடு. நீ சாப்பிடுறதப் பாத்தாத்தான் நான் சாப்ட்ட மாதிரி இருக்கு" என்பான்.

அதற்கு மேல் நான் எப்படி மறுப்பேன். பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிடுவேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். சுக்கா காரமா, கறி நன்றாக வெந்திருக்கிறதா என்று கேட்பான். நான் சொல்லச் சொல்ல அவன் முகம் கொஞ்சம் தெளியும். எனக்கு அந்தச் சாப்பாடு பிடிக்காமலும் இல்லை. அதுதான் கொடுமை. நாக்குக்குச் சுகமாகவும் நெஞ்சுக்குள் பாறாங்கல்லாகவும் அது ஒரே நேரத்தில் இறங்கும். அவனை வாழவைக்க வேண்டிய ஈரலை அவன் கையாலேயே கெடுத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்து அதை வாங்கிக்கொண்டிருந்தேன். மிச்சத்தை எல்லாம் என் வீட்டுக்காரர் தீர்த்தார். வீட்டில் அவர் ஒருத்தர்தான் நன்றாக எடை போட்டார்.

போனில் தம்பி மனைவியிடம் சண்டை போட்டேன். "நீயாவது தடுக்கக் கூடாதா."

"என்ன சொல்லித் தடுக்க மதினி? அக்காவுக்கு வாங்கிக் குடுக்காதன்னு நான் சொன்னா, என்னைய வீட்டை விட்டே தொரத்திருவாரு" என்று அழுதாள்.

இரண்டாவது ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருந்தது, ஆனால் போதாது என்றார் டாக்டர். எடை பாதியில் நின்றுவிட்டதே, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வண்டி துடைக்கும் துணியைத் தூக்கி எறிந்தேன்.

அந்த வாரமும் அவன் வந்தான். பார்சலைப் பிரித்துத் தட்டில் வைத்தான். படியேறி வந்ததில் அவனுக்கு மூச்சு இரைத்தது. சாப்பிடு என்று கையைக் காட்டினான். எனக்குள் ஏதோ அறுந்தது. தட்டைத் தள்ளினேன், அது மேசையிலிருந்து விழுந்து சால்னா தரையெல்லாம் ஓடியது.

"இத நான் தின்னா நீ செத்துருவடா" என்று கத்தினேன்.

அவனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தான், என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர்தான் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். ரத்த வகை, ஸ்கேன், கொழுப்பு, நான் சோற்றைக் குறைத்தது எல்லாம். தம்பி தரையில் ஓடிய சால்னாவையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"பொம்பளப் பிள்ள வயித்த அறுத்து வாங்கித்தான் நான் உசுரோட இருக்கணுமா" என்றான் கடைசியில்.

"இத்தன வருசம் நீ குடுத்ததெல்லாம் நான் வாங்குனேன்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சா? உனக்கு மட்டும் என்னடா பெரிய வெக்கம்?"

"அது வேற, இது வேற."

"ஒண்ணும் வேற இல்ல."

அவன் எழுந்தான். துணியை எடுத்துவந்து, குனிய முடியாத வயிற்றோடு தரையைத் துடைக்கப் போனான். நான் பிடுங்கிக்கொண்டேன். போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டான்.

பல நாட்கள் போன் இல்லை. அவன் வர மாட்டான், முடிந்தது என்று நினைத்தேன். கீரை கடையவும் பயறு கட்டவும் கை வரவில்லை. இருந்தாலும் செய்தேன். ஒரு நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவன் கூப்பிட்டான்.

"காலைல என்ன சாப்ட்ட?"

"கேப்பைத் தோசை ரெண்டு. முட்டை."

"சட்னி?"

"தக்காளி."

"தேங்காச் சட்னி அரைக்காத. எண்ணெ எம்புட்டு விட்ட?" என்றான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சரி, வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மூன்று வேளையும் போன் வந்தது. பரோட்டா வாங்கித் தந்தவன் எனக்கு ஹெட்மாஸ்டர் ஆகிவிட்டான். டீயில் சீனி போட்டாயா, நடந்தாயா, கல்யாண வீட்டுக்குப் போனாயே பாயசத்தை என்ன செய்தாய் என்று குடைவான். ஊரிலிருந்து யார் மதுரைக்கு வந்தாலும் அவர்கள் கையில் சுரைக்காய், அவரைக்காய், கொய்யாப்பழம் என்று கொடுத்துவிட்டான். முருங்கைக்கீரையை உருவிச் சுத்தம் செய்து, ஈரத்துணியில் சுற்றி அனுப்புவான். படுத்த இடத்திலிருந்தே அவன் உருவுகிறான் என்று அவன் மனைவி சொன்னாள்.

மூன்றாவது ஸ்கேன் முடிந்ததும் டாக்டரே வெளியே வந்து சொன்னார். போதும், எடுத்துக்கொள்ளலாம் என்றார். இனி அனுமதிக் குழு முன்னால் இருவரும் உட்கார்ந்து சம்மதம் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. பள்ளியில் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். நல்ல புடவையாக ஒன்றை எடுத்து வைத்தேன்.

அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்று நீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார்கள். கிருமி அடங்கினால்தான் ஆபரேஷன். அடங்கவில்லை. ஐ.சி.யு. வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன், சுத்தமான ஈரலை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு. வேண்டும் என்றால் அந்த நிமிடமே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸிடம்கூடச் சொன்னேன். அவள் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஒரே ஒரு தடவை அவனைத் தெளிவோடு பார்க்க முடிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து எலும்பைத் தடவிப் பார்த்தான். அவன் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தான். நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள் போய்விட்டான். டாக்டர்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். அவர்கள் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

அதன்பிறகு நான் கண்டதையும் தின்றேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் போட்ட டீயைச் சீனியோடு மடக்கு மடக்கென்று குடித்தேன். பன், முறுக்கு, யாரோ கொண்டுவந்த இட்லிப் பொட்டலம், எதுவும் மிச்சம் இல்லை. பசிக்காக இல்லை. யாருக்காக இந்த உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. வந்தவர்களில் ஒருத்தி, துக்க வீடு என்றுகூடப் பார்க்காமல், இளைத்து அழகாகிவிட்டீர்கள் டீச்சர் என்றாள். நான் அவளை என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.

கருமாதி அன்று மதியம் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் சோற்றைக் குவிக்கச் சொன்னேன். பரிமாறியவர் தயங்கியபோது இன்னும் போடுங்கள் என்றேன். சாம்பார், வடை, அப்பளம், பாயசம் எல்லாம் வந்தது. சோற்றில் கையை வைத்துவிட்டேன்.

அப்போது உள்ளறையிலிருந்து தம்பி மனைவி எழுந்து வந்தாள். அன்றைக்கு அவள் மூலையைவிட்டு எழுந்து பந்திக்கு வரக் கூடாது. பெரியவர்கள் ஏதோ முனகினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலையை மடித்து ஓரமாகத் தள்ளினாள். பாயச டம்ளரை எடுத்துப் பக்கத்து இலைக்காரரிடம் கொடுத்தாள். கையோடு கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்து புது இலையில் வைத்தாள். முளைகட்டிய பயறு, அவரைக்காய், கீரை, ஒரு கைப்பிடி சாமைச் சோறு. விடியற்காலையில் அவளே ஆக்கியிருக்கிறாள்.

"என்ன இது? இன்னைக்குப் போயா?" என்றேன்.

"அவரு சொல்லிட்டுத்தான் போனாரு மதினி. எனக்கு வந்தது அக்காவுக்கும் வரும், விட்றாத, அது எம்புட்டுச் சண்ட போட்டாலும் பாத்துச் சோறு போடுன்னு. இனி மூணு நேரமும் நான்தான் போன் போடுவேன். எடுக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பயல் மேல் வந்த அவ்வளவு கோபமும், போட இடமில்லாமல் கண்ணில் வழிந்தது. அவள் எழுந்து போகவில்லை. நான் முதல் வாய் எடுத்து வைக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயறு தொண்டையில் அடைத்தது. தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினாள். குடித்துவிட்டு, இலையில் இருந்த அத்தனையையும் சாப்பிட்டு முடித்தேன்.